போடாத குலவை

1

நாங்கள் இருக்கும் செல்லூரிலிருந்து நடந்து போகிற தூரத்தில் உள்ளது அந்த மிஷன் பள்ளிக்கூடம். போன வாரம் அங்கே பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகளுக்குப் பாராட்டு விழா வைத்தார்கள். நான் அங்கே படித்தவள் இல்லை. இருபத்தைந்து வருசம் ஆயாவாக இருந்தவள். மணி அடிப்பது, தண்ணீர்ப் பானை நிரப்புவது, சின்னப் பிள்ளைகளுக்குக் கால் கழுவி விடுவது என்று போன காலம் அது. ஸ்டெல்லா டீச்சர் ஆள் அனுப்பிக் கூப்பிட்டதால் போனேன். கடைசி வரிசையில், மின்விசிறி வராத இடமாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டேன். அந்த இடத்துக்கு யாரும் வர மாட்டார்கள்.

முதல் மதிப்பெண் எடுத்த பெண்ணின் பேரை வாசித்தார்கள். அந்தப் பிள்ளை மேடை ஏறும்போது அதன் அம்மா எழுந்து நின்று குலவை போட்டாள். தறிக்காரர் வீட்டம்மா, நல்ல தொண்டை. உடனே பக்கத்தில் இருந்த பொம்பளைகள் எல்லாரும் சேர்ந்து போட்டார்கள். ஹெட்மாஸ்டர் சிரித்துக்கொண்டே நின்றார். எனக்கு முன்னால் இருந்தவள் திரும்பி, "நீங்களும் போடுங்க அக்கா, சும்மா உக்காந்திருக்கீங்க" என்றாள். தொண்டை சரியில்லை என்று சொன்னேன்.

விழா முடிந்து பஜ்ஜி கொடுக்கும்போது டீச்சர் பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா பாண்டியம்மா, உன் தம்பி மகளும் அங்க இந்த வருசம்தான பள்ளிக்கூடம் முடிச்சா? அங்கெல்லாம் எப்படி வைக்கிறாங்க? மேடையில வந்து பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"அய்யய்யோ டீச்சர், மேடையா? எனக்குக் காலு ஆடும்."

"அமெரிக்கா வரைக்கும் ஒத்தையில போயிட்டு வாரவளுக்கு இந்த நாலு படி ஏறக் காலு ஆடுதாக்கும்! சரி, பேச வேணாம். எழுதிக் குடு. விழா மலர்ல போடுறேன்."

"அஞ்சாப்புதான டீச்சர் படிச்சேன்."

"அஞ்சாப்புல எழுத்து முடிஞ்சுபோச்சு. அதுக்கு மேல படிக்கிறதெல்லாம் வேற. எழுது."

அதனால் எழுதுகிறேன். நாலைந்து நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாக எழுதுகிறேன். எனக்குச் சீக்கிரம் கை வலித்துவிடுகிறது.

2

நான் வெளிநாட்டில் குடியேறினவள் என்று சொன்னால் அது பாதிப் பொய். வருசத்தில் ஆறு மாதம் அங்கே, ஆறு மாதம் இங்கே. என் தம்பி முருகேசன் அங்கே கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். ஓஹையோ என்கிற மாநிலத்தில் ஓர் ஊர். அவன் மகள் கயல்விழிக்கு இரண்டு வயது ஆனபோது முதல் தடவை போனேன். அவன் சம்சாரம் சாந்தி நாகமலை புதுக்கோட்டைப் பெண், அவளும் வேலைக்குப் போகிறவள். பிள்ளையைப் பார்க்க ஆள் இல்லை. "யக்கா, ஒரு ஆறு மாசம் வந்து இருந்துட்டுப் போயேன்" என்று தம்பி போனில் கேட்டான். ஆயா வேலையை விட்டுவிட்டுப் போனேன். அந்த ஆறு மாதம் பதினாறு வருசமாக ஓடிவிட்டது. நடுவில் நோய் வந்து விமானம் நின்ற காலத்தில் மட்டும் போகவில்லை.

அங்கே போய் இறங்கினால் முதலில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்கு முன்னால் நிற்க வேண்டும். விரல் ரேகை, முகப் படம், அப்புறம் கேள்வி. எனக்குத் தெரிந்தது தேங்க்யூ, சாரி, நோ இங்கிலீஷ், இந்த மூன்றுதான். பயத்தில் மூன்றையும் ஒன்றாகச் சொல்லிவிடுவேன். ஒரு வருசம் அந்த அதிகாரி ஒரு பெட்டியை அமுக்கி, போனில் ஒரு தமிழ்ப் பெண்ணைக் கூப்பிட்டுக் கொடுத்தார். இலங்கைப் பக்கத்துத் தமிழ்.

"அம்மா, நீங்கள் ஏன் ஒவ்வொரு வருசமும் வாறீங்கள் எண்டு கேக்கினம்."

"பிள்ளையப் பாக்க வாரேன் தாயி."

"உங்கட பிள்ளையோ?"

"தம்பி பிள்ளை."

அந்தப் பெண் இங்கிலீஷில் சொன்னாள். அதிகாரி ஏதோ கேட்டார். பிறகு அவள், "அம்மா, தாய் தகப்பன் உயிரோட இருக்கினமோ எண்டு கேக்கினம்" என்றாள். இருக்கிறார்கள் என்றேன். "அப்ப அத்தைக்கு அங்க என்ன வேலையாம்?"

என்ன சொல்வது? பால் சூடு பண்ணியது, பஸ் வருகிற வரை நின்றது, காய்ச்சலுக்கு ஈரத்துணி போட்டது எல்லாம் வேலையா என்று எனக்கே தெரியாது. "சும்மாதான் தாயி" என்றேன். அந்தப் பெண் என்ன சொல்லிக் கொடுத்தாளோ, ஆறு மாத முத்திரை விழுந்தது. ஒவ்வொரு வருசமும் அந்த முத்திரைத் தேதியைப் பார்த்துத்தான் எங்கள் வீட்டில் காலண்டர். இந்தத் தடவை கயலுக்குப் பட்டம் கொடுக்கிற நாள் முடிந்து ஐந்தாம் நாள் எனக்குத் திரும்புகிற டிக்கெட்.

3

குலவையைப் பற்றிச் சொல்லாவிட்டால் மற்றது விளங்காது.

நான் பிறந்தது எழுமலை. ஐந்தாவதோடு நிறுத்திவிட்டு நடவுக்கு அனுப்பினார்கள். நாற்றைக் கையில் எடுத்ததும் பொம்பளைகள் எல்லாரும் குலவை போட்டுத்தான் முதல் முடி நடுவார்கள். எனக்குச் சின்ன வயதிலிருந்தே நாலு பேர் முன்னால் பேச வராது. ஆனால் நாக்கைச் சுழற்றிக் குலவை போட்டால் மூச்சு விடாமல் போடுவேன். "பேரைக் கேட்டா முந்தானையக் கடிப்பா, குலவை போட்டா கம்மாய்க்கு அந்தப் பக்கம் கேக்கும்" என்று எங்கம்மா எல்லாரிடமும் சொல்லிச் சிரிக்கும். யாரையும் பார்க்க வேண்டாம், வார்த்தை தேட வேண்டாம், தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்கிற பயம் இல்லை. அதனால் எனக்கு அது பிடிக்கும்.

பதினெட்டில் செல்லூரில் கட்டிக்கொடுத்தார்கள். இருபத்து நாலில் அவர் போய்விட்டார். அதே வருசம் எங்கம்மாவும் போனது. தம்பிக்கு அப்போது எட்டு வயது. அவனைக் கூட்டி வந்து என்னோடு வைத்துக்கொண்டேன். படிக்க வைத்தேன். அதைப் பெரிதாகச் சொல்லவில்லை, எல்லா வீட்டிலும் நடப்பதுதான்.

அவன் கல்யாணத்தன்று, தாலி கட்டுகிற நேரத்தில் நான் ஒரு தூண் பக்கத்தில் நின்றேன். கெட்டிமேளம் கேட்டதும் நாக்கு தானாகச் சுழலப் பார்த்தது. எங்கள் பெரியம்மா மெதுவாக என் கையைப் பிடித்தது. "ஏ பாண்டி, நீ வாய மூடிட்டு நில்லு ஆத்தா. நீ போட்டா ஆகாது" என்றது. கோபமாகச் சொல்லவில்லை. பாசமாகத்தான் சொன்னது. தாலி அறுத்தவள் நல்ல காரியத்தில் முன்னால் நிற்கக் கூடாது, குலவை போடக் கூடாது, எனக்கும் தெரியும். மறந்துவிட்டேன், அம்புட்டுதான். வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

4

கயலுக்கு ஐந்து வயதில், ஒண்ணாம் வகுப்புக்குப் போவதற்கு முந்தின வகுப்பு முடிந்தபோது, அங்கே சின்ன விழா வைத்தார்கள். பிள்ளைகளுக்குக் காகிதத்தில் சதுரத் தொப்பி செய்து மாட்டி, ஒவ்வொருவராகக் கூப்பிட்டு ஒரு சுருள் கொடுப்பார்கள். தம்பிக்கும் சாந்திக்கும் வேலை. நான் ஒருத்திதான் போனேன். ஒரு குட்டி நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

கயல் நடந்து வந்தாள். தொப்பி ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அங்கே பெரியம்மா இல்லை. தாலி இருக்கிறதா இல்லையா என்று பார்க்கிற ஆள் ஒருத்தரும் இல்லை. வாய் தானாகத் திறந்துவிட்டது. பல வருசம் அடைத்து வைத்தது அல்லவா, நீளமாகவே வந்தது.

அந்த அறை அப்படியே நின்றுபோனது. ஒரு குழந்தை பயந்து அழுதது. பிறகு ஒரு பையன் வாயில் கையைத் தட்டித் தட்டி, ஊ ஊ என்று கேலி பண்ணினான். எல்லாப் பிள்ளைகளும் அதே மாதிரி பண்ணி உருண்டு சிரித்தார்கள். கயல் தொப்பியை முகம் வரைக்கும் இழுத்து மூடிக்கொண்டு தலை குனிந்தாள். அந்தக் குனிந்த தலை என் கண்ணிலேயே நிற்கிறது.

வீட்டுக்கு வந்ததும் சொன்னாள், "அத்தை, இனிமே நீ ஸ்கூலுக்கு வராத."

சரி என்றேன். அதற்குப் பிறகு நான் அந்தப் பள்ளிக்கூடத்து வாசல் எதையும் மிதிக்கவில்லை. பஸ் நிற்கிற இடத்தில்கூட, தபால் பெட்டிக்குப் பின்னால் தள்ளி நின்றுதான் பார்த்துக்கொள்வேன். பஸ்ஸில் இருக்கிற பிள்ளைகளுக்கு என்னைத் தெரியாத மாதிரி. நாடகம் என்பார்கள், விளையாட்டு என்பார்கள், தம்பியும் சாந்தியும் போவார்கள். "யக்கா நீ வரல?" என்று தம்பி கேட்டால், முழங்கால் வலி என்பேன். முதலில் அது பொய்யாக இருந்தது. கடைசி நாலைந்து வருசமாக நிஜமாகவே வலிக்கிறது.

பிள்ளையும் வளர்ந்தாள். என்னோடு பேசுவது குறைந்தது. அவளுக்குத் தமிழ் குறையக் குறைய எனக்கும் அவளுக்கும் நடுவில் தோசையும் குழம்பும்தான் மிஞ்சின. "அத்தை, பசிக்குது." "தோசை ஊத்தவா?" "ம்." ஒரு நாளைக்கு இம்புட்டுத்தான் பேச்சு. அதுவும் காதில் அந்த வெள்ளைக் குச்சியைச் செருகிக்கொண்டு. பகல் முழுக்க வீட்டில் நான் ஒருத்திதான். குளிர்காலத்தில் சன்னலைத் திறக்கக் கூடாது. கடுகு தாளித்தால் அந்தப் புகைக்குக் கூரையில் இருக்கிற மணி கத்தும், முறத்தை எடுத்து அதற்கு விசிறுவேன். ஒரு காலத்தில் நான் மணி அடித்தவள், இப்போது மணிக்கு விசிறுகிறவள் என்று நினைத்துக்கொள்வேன்.

5

இந்த மே மாதம் ஒரு சாயங்காலம் மாவு ஆட்டிக்கொண்டிருந்தேன். கயல் வந்து நின்றாள்.

"அத்தை, கிராஜுவேஷனுக்கு நாலு டிக்கெட் குடுத்திருக்காங்க. உனக்கும் ஒண்ணு."

"நான் எதுக்கும்மா? நான் வீட்டைப் பாத்துக்கிறேன்."

"வீட்டை யாரு தூக்கிட்டுப் போகப் போறா? ஏன் வர மாட்ட?"

"நீதான வரக் கூடாதுன்ன."

"நானா? எப்ப?"

நான் கிரைண்டரை நிறுத்தினேன். சொல்வதா வேண்டாமா என்று இருந்தது. "அஞ்சு வயசுல. காகிதத் தொப்பி போட்டியே, அன்னைக்கு. நான் சத்தம் போட்டுட்டேன்ல."

ஞாபகம் வந்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஓ காட்! அந்தச் சத்தம்! பசங்க எல்லாரும் பஸ்ல அதையே பண்ணிட்டு இருந்தாங்க. அத்தை, அதுக்காகவா இத்தனை வருசமா நீ ஸ்கூலுக்கு வரவே இல்ல?"

நான் மாவை வழித்துச் சட்டியில் போட்டேன்.

"எனக்கு அது மறந்தே போச்சு" என்றாள். பிறகு சிரித்துக்கொண்டே, "இப்ப மட்டும் அப்படிப் பண்ணிராத, ப்ளீஸ். மூவாயிரம் பேரு இருப்பாங்க" என்றாள்.

மாவுக் கையைக் கழுவித் துடைத்துவிட்டு அவள் உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் பண்ணினேன். "வாயே தொறக்க மாட்டேன் கண்ணு."

அவள் கை கொஞ்ச நேரம் என் கையிலேயே இருந்தது. சாந்தி உள்ளே வரவும், எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவள் விளையாட்டாகச் சொன்னாளா, நிஜமாகச் சொன்னாளா என்று அன்றைக்கு நான் யோசிக்கவில்லை. சத்தியம் சத்தியம்தான் என்று நினைத்தேன்.

6

விழா பந்து விளையாடுகிற மைதானத்தில். வாசலில் போலீஸ். உள்ளே என்ன இருக்கிறது என்று வெளியே தெரிகிற பைதான் கொண்டுபோகலாமாம். என் மஞ்சப்பையை நிறுத்திவிட்டார்கள்.

"யக்கா, உனக்கு நேத்தே சொன்னேன்ல?"

"கண்ணாடியும் திருநீறும்தான்டா இருக்கு."

"அது நமக்குத் தெரியும். அவனுக்குத் தெரியணுமே."

சாந்தி தன் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து, என் கண்ணாடி, திருநீற்றுப் பொட்டலம், இருமலுக்குச் சப்புகிற மிளகு மாத்திரை எல்லாவற்றையும் அதில் போட்டுக் கொடுத்தாள். மஞ்சப்பை காருக்குப் போனது. என் சாமான் எல்லாம் வெளியே தெரிய நடந்து போனது எனக்கு என்னவோ போல் இருந்தது.

உட்காருகிற பலகை அலுமினியம். வெயிலில் காய்ந்து சுட்டது. என் வலது பக்கம் தம்பி, அவனுக்கு அந்தப் பக்கம் சாந்தி. நாலாவது டிக்கெட்டைக் கயல் ஒரு சிநேகிதிக்குக் கொடுத்துவிட்டாள். என் இடது பக்கம் ஒரு அம்மா, என் வயதுதான் இருக்கும். தலையோடு மூடி நீளமாக நீலத் துணி போட்டிருந்தார்கள். கறுத்த முகம், கையில் மருதாணி. என்னைப் பார்த்துச் சிரித்து, நெஞ்சில் கை வைத்து "சோமாலியா" என்றார்கள். நானும் நெஞ்சில் கை வைத்து "மதுரை" என்றேன். இரண்டு பேருக்கும் அதற்கு மேல் பாஷை இல்லை. அவர்கள் ஒரு பேரீச்சம்பழம் கொடுத்தார்கள். நான் மிளகு மாத்திரை கொடுத்தேன். வாயில் போட்டுவிட்டு முகத்தைச் சுளித்தார்கள், ஆனால் துப்பவில்லை.

பிள்ளைகள் இரண்டு இரண்டு பேராக வந்தார்கள். எல்லாருக்கும் கறுப்பு அங்கி, தலையில் பலகை வைத்த மாதிரி தொப்பி, அதில் ஒரு குஞ்சம். நம் பக்கம் பொன்னாடை போர்த்துகிற மாதிரி அங்கே கழுத்தில் கலர் கயிறு போடுகிறார்கள். நன்றாகப் படித்தவர்களுக்கு ஒரு கலர், ஊருக்கு உதவி செய்தவர்களுக்கு ஒரு கலர். கயல் கழுத்தில் இரண்டு கயிறு இருந்தது. எதற்கென்று எனக்குத் தெரியாது. தம்பிக்குத் தெரியும், ஆனால் அவன் போனில் படம் பிடிப்பதிலேயே குறியாக இருந்தான்.

தலைமை ஆசிரியை பேசினார். தம்பி காதில் சொன்னான். "எல்லாப் பேரும் வாசிச்சு முடிச்சப்புறம்தான் கை தட்டணுமாம். நடுவுல சத்தம் போட்டா அடுத்த பிள்ளை பேரு கேக்காதாம்." எனக்கு நிம்மதியாகப் போயிற்று. கயல் மட்டுமா சொன்னாள், பள்ளிக்கூடமே சொல்லிவிட்டது.

ஆனால் யார் கேட்டார்கள்? முதல் பேருக்கே ஒரு வீட்டார் எழுந்து கத்தினார்கள். அப்புறம் ஊதல், மணி, ஒருத்தர் காரில் வைக்கிற ஹாரனையே கொண்டுவந்து அமுக்கினார். எழுத்து வரிசைப்படி, அப்பன் பேரை வைத்துக் கூப்பிடுகிறார்கள். முருகேசன் வருவதற்கு நேரம் ஆகும் என்று தம்பி சொன்னான். முழங்காலை நீட்ட இடம் இல்லை. வெயில் முகத்தில் அடித்தது. இருநூறு பேருக்கு மேல் வாசித்திருப்பார்கள்.

அப்போது பக்கத்து அம்மா திடீரென்று எழுந்து நின்றார்கள். அவர்கள் பேரன் மேடை ஏறினான். அந்த அம்மா கையை வாய்க்குப் பக்கத்தில் வைத்து, நாக்கைச் சுழற்றி,

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. குலவை. நம் குலவை இல்லை, அது வேறு மாதிரி. நம்முடையது உருண்டு வரும், அது கூர்மையாக மேலே போகிறது. ஆனாலும் குலவைதான். கடல் தாண்டி இன்னொரு ஊர்ப் பொம்பளைக்கும் நாக்கு இப்படிச் சுழலும் என்று எனக்கு யாரும் சொன்னது இல்லை. முன்னால் இருந்த ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்த அம்மா அவர்களைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார்கள். அம்புட்டுதான். ஒன்றும் ஆகவில்லை. பேரன் மேடையிலிருந்து கையை ஆட்டினான்.

இன்னும் கொஞ்சம் பேர் போனார்கள். பிறகு கயல் பேர் வந்தது.

தம்பி போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தான், ஆடிவிடும் என்று மூச்சுகூட விடவில்லை. சாந்தி முந்தானையை வாயில் வைத்து அழுதுகொண்டிருந்தாள். நான் உதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டேன். அத்தனை பிள்ளைகளுக்கும் ஒரு சத்தமாவது இருந்தது. எங்கள் பிள்ளை பேர் மட்டும் மைதானத்தில் விழுந்து அப்படியே கிடந்தது. அவள் உறையை வாங்கினாள், கை கொடுத்தாள். இறங்குவதற்கு முன்னால் நாங்கள் இருக்கிற பக்கம் நிமிர்ந்து பார்த்தாள். தேடுகிற பார்வை. எனக்கு அது இப்போது தெரிகிறது. அப்போது, நான் எழுந்துவிடுவேனோ என்று பயந்து பார்க்கிறாள் என்று நினைத்து, இன்னும் குறுகி உட்கார்ந்தேன்.

பக்கத்து அம்மா என் தோளைத் தட்டி, மேடையைக் காட்டி, என் நெஞ்சைக் காட்டினார்கள். உன் பிள்ளையா? தலையாட்டினேன். "ஏன் சும்மா இருக்கே" என்கிற மாதிரி கையை விரித்தார்கள். நான் வாயில் விரல் வைத்துக் காட்டினேன். அவர்களுக்கு என்ன புரிந்ததோ, எழுந்தார்கள். கயல் படி இறங்கிக்கொண்டிருக்கும்போது என் பிள்ளைக்கு அவர்கள் குலவை போட்டார்கள்.

நான் அவர்கள் துணியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

7

முடிந்ததும் எல்லாப் பிள்ளைகளும் தொப்பியை மேலே எறிந்தார்கள். கூட்டம் மைதானத்தில் இறங்கியது. கயல் அங்கி பறக்க ஓடி வந்தாள். முகம் சிவந்திருந்தது, கண் நிறைந்திருந்தது.

"அத்தை! கேட்டுச்சு! படியில இறங்கறப்ப கேட்டுச்சு! நீ ப்ராமிஸ் பண்ணுனேல்ல?"

திட்ட வருகிறாள் என்று நினைத்துவிட்டேன். எனக்குப் பதற்றம் வந்தால் வார்த்தை கொட்டிவிடும். "நான் இல்ல கண்ணு, சத்தியமா நான் இல்ல. வாயே தொறக்கல. பக்கத்துல ஒரு அம்மா இருந்தாங்க, அவங்கதான் போட்டாங்க. உங்கப்பாவ வேணா கேளு."

"ஓ" என்றாள்.

அந்த ஓ-வை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. சிரிப்பு முகத்திலேயே இருந்தது, ஆனால் உள்ளேயிருந்து யாரோ விளக்கை எடுத்துக்கொண்டு போன மாதிரி இருந்தது. "ஓகே. ஓகே அத்தை" என்றாள். பிறகு சிநேகிதிகளோடு படம் எடுக்கப் போய்விட்டாள்.

காரில் அந்த உறையை வாங்கித் திறந்து பார்த்தேன். உள்ளே ஒன்றும் இல்லை.

"பத்திரம் எங்கடா?"

"அங்கியத் திருப்பிக் குடுத்தாத்தான் பத்திரம் குடுப்பாங்க யக்கா. மேடையில வெறும் உறைதான்."

இரண்டு நாள் கழித்துத் துணி மடிக்கும்போது சாந்தி சொன்னாள். "மதினி, ஒண்ணு சொல்லட்டா? அவ ஃப்ரெண்ட்ஸ்கிட்ட எல்லாம் முன்னாடியே சொல்லி வச்சிருந்தாளாம். எங்க அத்தை வாராங்க, என் பேரு சொன்னதும் ஒரு சத்தம் போட்டாலும் போடுவாங்க, யாரும் சிரிக்கக் கூடாதுன்னு."

"போடாதன்னு அவதான சொன்னா?"

"சொன்னா. நீங்க என்னைக்கு அவ சொன்னதக் கேட்டிருக்கீங்க, இத மட்டும் கேட்டீங்க? சாப்பிட்டது போதும்னா கேக்குறீங்களா?"

துண்டை மடித்தேன். அவிழ்த்து மறுபடி மடித்தேன். பெரியம்மா சொன்னதற்கு ஒரு தடவை விழுங்கினேன். ஐந்து வயதுப் பிள்ளை சொன்னதற்குப் பதின்மூன்று வருசம் விழுங்கினேன். அந்தப் பிள்ளைக்கே அது மறந்துபோயிருந்தது. யாராவது சொன்னால் கேட்டுக்கொள்வது என்று பழகிவிட்டேன். இந்த வயதில் அதை நினைத்தால் கோபம் வரவில்லை, அசதிதான் வருகிறது.

மிச்ச நாளும் எப்போதும் போலத்தான் போனது. "அத்தை, பசிக்குது." "தோசை ஊத்தவா?" "ம்." ஆகஸ்டில் அவள் வேறு ஊர்க் காலேஜுக்குப் போகிறாள், அங்கேயே தங்க வேண்டும். அடுத்த வருசம் அந்தக் கண்ணாடிக் கூண்டுக்காரர் எதற்கு வந்தாய் என்று கேட்டால், பிள்ளையைப் பார்க்க என்றுகூடச் சொல்ல முடியாது. தம்பி "அடுத்த தடவை எப்ப யக்கா" என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. பெட்டியை எடை பார்த்தோம். அரை கிலோ கூட இருந்தது. ஒரு செருப்பை எடுத்துவிட்டோம்.

8

விமான நிலையத்தில் எனக்கு எப்போதும் சக்கர நாற்காலி போட்டுவிடுவார்கள். நடக்க முடியாமல் இல்லை. பாஷை தெரியாதவர்களை அந்த நாற்காலிதான் சரியான கதவுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். இந்தத் தடவை முழங்காலுக்கும் அது வேண்டியிருந்தது.

பயணம் போகிறவர்கள் மட்டும் போகிற கயிற்றுக்கு இந்தப் பக்கம் மூன்று பேரும் நின்றார்கள். சாந்தி காலில் விழுந்து கும்பிட்டாள். தம்பி, "மாத்திரைய மறக்காத, இறங்கினதும் போன் பண்ணு" என்றான், நாற்பது வருசத்துக்கு முன்னால் நான் அவனைப் பள்ளிக்கூடம் அனுப்பின மாதிரி. கயல் குனிந்து என்னைக் கட்டிக்கொண்டாள். "பை அத்தை." அவளுக்கு அதற்கு மேல் தமிழ் வரவில்லை. எனக்கு அதற்கு மேல் எதுவுமே வரவில்லை. திருநீறு பூசிவிட்டேன்.

நாற்காலியைத் தள்ளுகிறவர் தள்ளிக்கொண்டு போனார். வளைந்து வளைந்து போகிற வரிசை. ஒரு வளைவில் திரும்பும்போது அவர்கள் தெரிந்தார்கள். தம்பியும் சாந்தியும் ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். கயல் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள், கையைத் தொங்கவிட்டுக்கொண்டு.

அடுத்த வளைவு திரும்பினால் சுவர்.

நான் தள்ளுகிறவர் கையைத் தட்டினேன். நின்றார். நாற்காலிக் கையைப் பிடித்து எழுந்தேன். வாய் காய்ந்திருந்தது. நாக்கு முதலில் சுழலவில்லை, வெறும் காற்றுதான் வந்தது. மறுபடி மூச்சை இழுத்தேன். வந்தது. பழைய மாதிரி இல்லை, நீளமும் இல்லை, நடுவில் இரண்டு இடத்தில் உடைந்தது. ஆனால் வந்தது.

வரிசையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். சீருடை போட்ட ஒருத்தர் வேகமாக வந்தார். "சாரி, தேங்க்யூ, நோ இங்கிலீஷ்" என்று மூன்றையும் சொன்னேன். தம்பி வாயைப் பிளந்துகொண்டு நின்றான். அவனைச் சுற்றி இருந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள், பிறகு நான் யாரைப் பார்த்துச் சத்தம் போட்டேன் என்று அந்தப் பக்கம் பார்த்தார்கள். அத்தனை பேரும் கயலைப் பார்த்தார்கள்.

கயல் தலை குனியவில்லை.